கான்ஜி கார்டும் ஊருக்குப் போன கேசட்டும்

1

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் சீனர் போன மாதம் ஒரு ஃபேக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டார். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தைச் சுற்றியிருக்கிற கடைக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. அந்த மெஷின் பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு விசில் அடிக்கும். பிறகு கர்ரென்று தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். அதைக் கேட்டால் தே தாரிக் டீயை உயர இழுத்து ஆற்றிக்கொண்டிருக்கிற என் கை அப்படியே நின்றுவிடுகிறது. நேற்று ஒரு லோரிக்காரர் கேட்டே விட்டார்.

"என்னா பாய், கையில சுளுக்கா? டீ ஆறுது லா."

சுளுக்கு இல்லை. சத்தம்தான் காரணம். அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நம்மூர் ஜமாஅத் ஆண்டு மலருக்கு சபர் அனுபவம் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் மாடி கட்டியவர்கள் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் மாடி கட்டவில்லை. என் வீட்டு ஓடு இன்னும் அதே ஓடுதான். மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்று தங்கச்சி ஜெய்னம்பு சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரம் என் மனைவி ஹபீபாவுக்கு மூன்றாம் வருஷ நினைவு ஃபாத்திஹா. அந்த ஃபேக்ஸ் சத்தமும் இந்த நாளும் சேர்ந்து வந்ததால் எழுத உட்கார்ந்தேன். சிரிப்பாக ஏதாவது எதிர்பார்த்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

2

என்னிடம் இருக்கிற அடையாள அட்டை சிவப்பு ஐசி. அதாவது இங்கே குடியிருக்கலாம், உழைக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. ஊருக்கு வந்தாலோ அங்கேயும் ஊர்க்காரன் இல்லை. போன தடவை நம்ம கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு "எத்தனை வெள்ளி?" என்று இங்கத்துப் பணத்தில் கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரிய சபராளி, வெள்ளியிலதான் கொடுப்பாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். வாய் போகிற வழியைப் பிடித்து வைக்க முடியவில்லை.

மகன் ஜாபரைப் பதினொரு வயதில் இங்கே கூட்டி வந்தேன். அவனுக்கு அனுமதி முதலில் கிடைத்தது. ஹபீபாவுக்கு நாலைந்து மாதத்தில் கிடைத்துவிடும், பின்னாலேயே வந்துவிடுவாள் என்று எல்லோரும் நம்பினோம். அவளும் நம்பித்தான் பிள்ளையை அனுப்பினாள். விமான நிலையத்துக்குக்கூட அவள் வரவில்லை. "கொஞ்ச நாளுதானே, நான் எதுக்கு அழுதுட்டு நிக்கணும்" என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பிறகு நான் அலுவலகத்துக்கு நடந்தேன். எங்கள் நிக்காஹ் நம்ம ஜமாஅத் தப்தரில் எழுதியது. அதற்குச் சர்க்கார் முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரை வாங்கி வந்தால் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்த்தால், பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரியும் ஐசியில் வேறு மாதிரியும் இருக்கிறதே, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையானவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் சிரித்த முகத்தோடு "புலான் டெப்பான் டத்தாங் லாகி, பாச்சிக்" என்பாள். அடுத்த மாதம் திரும்ப வாருங்கள், மாமா. அவள் திட்டியிருந்தால் எனக்கும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு மனசு ஆறியிருக்கும்.

நாலைந்து மாதம் ஆறு வருஷமாகிவிட்டது.

3

அந்தக் காலத்தில் எங்களுக்கு டெலிபோன் கட்டுப்படியாகாது. கடிதம் எழுதினால் ஹபீபாவுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். அதனால் சபராளி வீடுகளில் எல்லாம் நடந்ததுபோல எங்களுக்கும் கேசட்தான். அறுபது நிமிஷக் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அவர் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பார். அங்கே அவள் பேசிப் பதிந்து, இங்கே வருகிறவரிடம் கொடுத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடையைச் சாத்துவோம். தொழுது வந்ததும் மாடி அறையில் ஜாபரை ரெக்கார்டர் முன்னால் உட்கார வைப்பேன். முதல் ஒரு வருஷம் அழுதுகொண்டே பேசினான். இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடக் கதை சொன்னான். புக்கிட் மெலாவத்தி மலைக்குரங்கு தன் கையில் இருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியதை ஒரு பக்கம் முழுக்கச் சொன்னான். அப்புறம் அப்புறம் பேச்சு சுருங்கிவிட்டது. கூட்டாளிகளோடு மலாயில் பேசுவான். படிப்பு மலாயில். தமிழ் என்பது என்னோடும் அடுப்படியோடும் சரி.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நான் சொகம். ஸ்கூல் ஓகே லா. சாப்பாடுலாம் ஓகே." இவ்வளவு சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். "வேற என்னா வாப்பா?"

"உம்மாட்ட பேசுறதுக்கு என்னைக் கேக்குறியா?"

"நத்திங் டு சே, வாப்பா."

மிச்சக் கேசட்டை நான்தான் நிரப்புவேன். எனக்கும் எவ்வளவு நேரம் தனியாகப் பேச வரும்? ரெக்கார்டரைக் கீழே கொண்டுவந்து ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ரொட்டி தட்டுகிற சத்தம், தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் வந்து போடுகிற கூச்சல், பஸ் ஹாரன், எல்லாம் பதிவாகட்டும் என்று விடுவேன். நாங்கள் இருக்கிற இடம் எப்படியிருக்கும் என்று சத்தத்திலாவது அவளுக்குத் தெரியட்டும்.

ஒரு பதில் கேசட்டில் அவள் கேட்டாள். "ஏங்க, புள்ளை ஓகே லா, ஓகே லாங்குறானே, அப்டின்னா நல்லாருக்கானா, இல்ல சலிச்சுக்குறானா?"

4

தஞ்சோங் காராங் வயல்களுக்கும் சுங்கை புரோங் வயல்களுக்கும் தண்ணீர் போகிற வாய்க்கால் வேலைக்காக ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்திருந்தார். ஒகாவா என்று பெயர். ஒல்லியான மனுஷன், ஐம்பது வயதிருக்கும். எங்கள் கடைக்கு இரண்டு வீடு தள்ளி மாடியில் வாடகைக்கு இருந்தார். இரவுச் சாப்பாடு எங்கள் கடையிலிருந்து போகும். காரம் போடாத மீன் குழம்பு. அதை எடுத்துப் போகிறவன் ஜாபர்.

சாப்பாடு கொண்டுபோனவன் ஒரு மணி நேரம் கழித்து வருவான். என்னடா என்று கேட்டால் ஒகாவா வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றான். அவர் ஊர் அலுவலகத்துக்கு அனுப்புகிற கணக்கெல்லாம் அதில்தான் தட்டுகிறாராம். அந்த நாளில் கோலா சிலாங்கூரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒகாவா வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அந்த மெஷினை ஜாபருக்கே கொடுத்துவிட்டார். தூக்கிக்கொண்டு போகிற செலவைவிட அங்கே புதுசு மலிவு என்றார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, ஒரு சின்னத் திரை. அவர்கள் ஊரில் கரண்ட் நூறுதான், நம்முடையது இருநூற்று நாற்பது என்பதால் நடுவில் போடக் கருங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கடைசியாகப் பெட்டியின் பின்பக்கம் திறந்து, உள்ளே செருகியிருந்த ஒரு பச்சைத் தகட்டை உருவி எங்களுக்குக் காட்டினார். உள்ளங்கை அகலம், மேலே வரிசையாகக் கறுப்பு வில்லைகள்.

அவருடைய இங்கிலீஷை ஜாபர்தான் எனக்குத் தமிழாக்கினான். "இதான் கான்ஜி கார்டு வாப்பா. கான்ஜின்னா அவங்க எழுத்து. இது இல்லன்னா இந்த மெஷினுக்கு இங்கிலீஷும், அவங்களோட சின்ன எழுத்து கொஞ்சமும்தான் தெரியும். பெரிய எழுத்தெல்லாம் இதுக்குள்ள இருக்கு. மூவாயிரத்துக்கு மேல. ஒவ்வொண்ணும் புள்ளி புள்ளியா."

கான்ஜி கார்டு எங்கள் கடையில் கஞ்சி கார்டு ஆகிவிட்டது. நோன்பு மாதத்தில் கஞ்சி வாளியைப் பார்த்து, "ஜாபரு கார்டை இதுல போட்டுட்டானா?" என்று கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

கூடவே ஒரு தடிப் புத்தகம். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டினால் கார்டுக்குள்ளிருந்து அந்த எழுத்து திரைக்கு வரும். ஒகாவா போவதற்கு முன்னால் கொஞ்சம் எழுத்துகளுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். ராவாங்கில் ஜப்பான்காரர்கள் தொழிற்சாலை இருக்கிறது, எழுத்துத் தெரிந்தவர்களை ஜப்பானுக்கே பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு ஐசிக்காரன் மகனை யார் அனுப்பப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. ஏதோ ஒன்றில் மனசு வைத்திருக்கிறானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு கோபம் எனக்குள் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூவாயிரம் அந்நிய எழுத்தை ஒவ்வொன்றாக வரவழைத்து மணிக்கணக்காகப் பார்க்கிறவனுக்கு, பெற்றவளிடம் பேச ஒன்றரை நிமிஷம் இல்லையே என்று வயிறு எரியும். ஒருநாள் கத்தியும்விட்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது கேள்வி கேக்காது வாப்பா" என்றான்.

5

அந்த மெஷினை அணைத்தால் தட்டியதெல்லாம் போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் கேசட்டில்தான் பதிய வேண்டும். ஆமாம், பாட்டுக் கேட்கிற அதே கேசட். மெஷினிலிருந்து ஒரு ஒயரை ரெக்கார்டரில் செருகிப் பதிவான். எழுத்தெல்லாம் சத்தமாக மாறி டேப்பில் ஏறும். திரும்ப வேண்டும்போது அந்தச் சத்தத்தை மெஷினுக்குக் கேட்கவைத்தால் எழுத்தாக மாறித் திரைக்கு வரும். நான் சொன்ன தகரச் சத்தம் அதுதான். ஒரு தடவை பதிந்தது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒன்றையே திரும்பத் திரும்ப இரண்டு பக்கமும் நிரம்புகிற வரைக்கும் பதிந்து வைப்பான்.

வீட்டில் ரெக்கார்டர் ஒன்றுதான். ஹபீபாவுக்குப் பேசுவதும் அதில். அவன் எழுத்தைப் பதிவதும் அதில்.

கமால் பாய் என்று நம்ம தெருக்காரர், கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார், உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் ஊருக்குப் போகிற அன்று கேசட் வாங்க வந்தார். டாக்சி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. சுபாங்கில் விமானத்துக்கு நேரமாகிறது. நான் அடுப்பில் நிற்கிறேன், எண்ணெயில் மீன் கிடக்கிறது. ஜாபர் பள்ளிக்கூடத்தில்.

"பாய், கேசட் எங்கே?"

"மாடியில ரெக்கார்டருக்குள்ளயே இருக்கு, எடுத்துக்கங்க!"

ஊருக்குப் போகிற கேசட்டை எப்போதும் ரெக்கார்டருக்குள்தான் விட்டுவைப்போம். வெளியே வைத்தால் யாராவது பாட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். கமால் பாய்க்கும் அது பழக்கம். மாடிக்கு ஓடினார், எடுத்தார், சலாம் சொன்னார், டாக்சி போய்விட்டது.

சாயந்தரம் ஜாபர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வாப்பா, என் கேசட் எங்கே?" என்றான். உம்மாவுக்குப் பேசிய கேசட் ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தது. காலையில் அதை வெளியே எடுத்துவைத்துவிட்டு இவன் தன் எழுத்துகளைப் பதிந்திருக்கிறான்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அங்கே எல்லோரும் கூடி உட்கார்ந்து பட்டனை அழுத்துவார்களே, கர்ரென்று கத்துமே என்று நினைத்து இருவரும் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்து அதற்கு முன் வெகுநாளாகியிருந்தது.

6

இரண்டு மாதம் கழித்து பத்தாங் பெர்ஜுந்தைக்காரர் ஒருவர் ஊரிலிருந்து திரும்பும்போது பதில் கேசட்டைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை அதைப் போட்டோம். முதலில் காக்கை சத்தம். பிறகு ஹபீபா.

"மவனே ஜாபரு, நீ அனுப்புன கேசட் கெடைச்சுது. தெருவே கூடியிருச்சு. போட்டா ஒரே கூப்பாடு. சின்னப் புள்ளையோ காதைப் பொத்திக்கிட்டு ஓடுதுவோ. உன் மாமி டேப்பு கெட்டுப்போச்சுன்னு அணைக்கப் போனா. நான் விடல. முழுசையும் ஓடவிட்டேன், ரெண்டு பக்கமும். ஒரு வேளை கடைசியில பேசுவியோன்னு."

இங்கே தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்திருப்பாள்.

"அப்புறம் திருச்சில படிக்கிற எதுத்த வீட்டுப் பையன் லீவுல வந்தான். அவன்தான் சொன்னான், இது கம்பூட்டர் சத்தம் மாமி, எழுதுனதைச் சத்தமா மாத்திருக்கு, அந்த மெசின்ல போட்டாத்தான் எழுத்தா வரும்னு. இங்கே எங்கே மெசினுக்குப் போறது? நீயே சொல்லிரு மவனே. அதுல என்ன எழுதியிருக்கே? இம்மாம் நேரம் எழுதியிருக்கியே. உங்க வாப்பா சொல்லவேணாம். நீ சொல்லு."

ஜாபர் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் முகம் மாறிவிட்டது. கேசட் முடிந்ததும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான்.

"சொல்லுடா" என்றேன். "இப்பவே பதிஞ்சிருவோம்."

"அதுல ஒண்ணும் இல்ல வாப்பா. சும்மா எழுத்து லா. நான் படிச்ச எழுத்து. அதை எப்படி அவங்களுக்குச் சொல்றது? அவங்க என்னமோ லெட்டர்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"அதையே சொல்லு."

"ஓகே. நெக்ஸ்ட் மன்த்."

7

அடுத்த மாதம் அவனுக்குப் பரீட்சை. அதற்கடுத்த மாதம் ஊருக்குப் போகிறவர் யாரும் அகப்படவில்லை. பிறகு ஆள் கிடைத்தபோது நான் மட்டும் பேசி அனுப்பினேன். "ஜாபர் அடுத்த கேசட்டில் சொல்வான்" என்று அதில் சொன்னேன். அவனுக்கு வெட்கம் என்று எனக்குப் புரிந்தது. தன் உம்மா அவ்வளவு ஆசையாகக் கேட்டதற்கு, தண்ணீர் என்றால் இப்படி எழுதுவார்கள், மரம் என்றால் இப்படி என்று ஜப்பான் பாடம் சொல்வதா? அவளுக்கென்று ஒரு வார்த்தையாவது அதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். இல்லாததை இருப்பதாகச் சொல்லவும் அவனுக்கு வரவில்லை. அந்த விஷயத்தில் அவன் அவளைக் கொண்டு பிறந்தவன்.

நானும் அந்த மாதங்களில் அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண் மாற்றலாகிப் போய்விட்டாள். புதிதாக வந்தவர் என் காகிதக் கட்டை முதலிலிருந்து புரட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடை டெலிபோன் அடித்தது. கிள்ளானிலிருந்து கமால் பாய். அவருக்குத்தான் ஊரிலிருந்து முதலில் தகவல் வந்திருக்கிறது. "பாய், மனசைத் திடப்படுத்திக்கங்க" என்றார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அடக்கம் என்றார். நான் அடுப்பை அணைத்தேன். அஸர் வரைக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. விமானமேறிப் போய்ச் சேர்ந்தாலும் மண்ணைத்தான் பார்க்க முடியும்.

ஜாபர் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். சொன்னேன். அவன் அழவில்லை. மாடிக்குப் போய் மெஷினைத் துணி போட்டு மூடினான். அதற்குப் பிறகு வெகுநாள் அதைத் தொடவில்லை.

8

நாற்பதாம் ஃபாத்திஹாவுக்கு நான் மட்டும் வந்தேன். ஜாபரின் திரும்பிவரும் அனுமதியில் ஏதோ சிக்கல். போனால் மறுபடி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்றார்கள். நீங்கள் எல்லோரும் வந்து துஆ செய்தீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நன்மை தருவான்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெய்னம்பு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நாங்கள் அனுப்பிய கேசட் எல்லாம் அதில் இருந்தன. மேலாக ஒரு கேசட் மட்டும் துணியில் சுற்றி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜாபரின் எழுத்துக் கேசட்.

"இதை ஏன் சுத்தி வச்சிருக்கே?"

"நான் சுத்தல நானா. ஹபீபா மைனி சுத்துனது. இதைத்தானே அது எப்பவும் போட்டுக் கேக்கும்."

"இந்தச் சத்தத்தையா?"

"ஆமா. காலையில பாத்திரம் கழுவுறப்போ போடும். லுஹர் தொழுதுட்டு வந்து போடும். எங்களுக்குத் தலைவலி. சண்டையே போட்டிருக்கேன். 'என்னா மைனி, பேசுன கேசட்டெல்லாம் கெடக்கு, அதைப் போடாம இந்தக் கூப்பாட்டைப் போடுறியே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

ஜெய்னம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "'அந்தக் கேசட்டெல்லாம் போட்டா, பையன் பேசி முடிச்சுட்டு உங்க அண்ணன் வாயைப் பாக்குறது எனக்குத் தெரியுது புள்ளே. இதுலதான் யாரும் சொல்லிக் குடுக்காம அவனா இவ்ளோ நேரம் என்னமோ சொல்றான்'னுச்சு. அவன் அடுத்த கேசட்டுல அர்த்தம் சொல்லுவான், அதுக்குள்ள சத்தம் நமக்குப் பழகிக்கிட்டா எந்த இடத்துல என்ன சொல்றான்னு வெளங்கிரும்னுச்சு. பழகியும் போச்சு நானா. 'பாரு, மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்றான்'னு சரியாச் சொல்லும்."

ஒன்றையே திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறான் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லவே இல்லை. கேட்டுக் கேட்டு அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தக் கேசட்டை நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

9

வந்த வாரமே ஜும்மா தொழுதுவிட்டு, கடைக் கதவைச் சாத்தி, மாடிக்குப் போய் கேசட்டை ஜாபர் கையில் கொடுத்தேன். ஜெய்னம்பு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் ஒரு மனசு நினைக்கிறது. இன்னொரு மனசு அவள் சொன்னது அவனுக்குச் சேர வேண்டியதுதான் என்கிறது.

அவன் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தான். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி ஒரு வாடை வந்தது. ஒயரை ரெக்கார்டரில் செருகி, கேசட்டைப் போட்டு ஓடவிட்டான். ஒயர் செருகியிருந்தால் சத்தம் வெளியே கேட்காது, நேராக மெஷினுக்குப் போய்விடும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

"என்னா சொல்லுது?"

"படிக்க முடியலங்குது."

டேப்பை முன்னால் ஓட்டி அடுத்த பதிவைப் போட்டான். அதே வரி. அதற்கடுத்தது. அதே வரி. பக்கத்தைத் திருப்பிப் போட்டான். ஒரு பதிவு பாக்கியில்லாமல் பார்த்தான். கெடக்கூடாது என்றுதான் அத்தனை தடவை பதிந்து வைத்தான். எல்லாமே கெட்டிருந்தன.

கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் டேப்பைப் பார்த்தான். "தேஞ்சு போச்சு வாப்பா. அங்கங்க இழுத்தும் இருக்கு. இவ்ளோ வாட்டியா போட்டாங்க?"



அவன் கேசட்டைத் திரும்ப உள்ளே வைத்தான். இந்தத் தடவை ஒயரை உருவிவிட்டான். பட்டனை அழுத்தினான். விசில். பிறகு அந்தக் கர்ர். மெஷின் வந்த நாளிலிருந்து அவன் அந்தச் சத்தத்தை ஒரு நொடிக்கு மேல் வாய்விட்டுக் கத்த விட்டதில்லை. உட்கார்ந்து முழுப் பக்கமும் கேட்டான். நானும் கேட்டேன். ஓரிடத்தில் சத்தம் நின்று, மறுபடி விசில் வந்தபோது அவன் உதடு அசைந்தது. மொதல்லேர்ந்து சொல்றான் என்று அவள் சொன்ன இடம் அதுதான். அப்போதுதான் அழுதான். பதினொரு வயதில் ரெக்கார்டர் முன்னால் அழுத அதே மாதிரி, வாயைத் திறந்து அழுதான். நான் அவன் முதுகில் கையை வைத்தேன்.

டேப் முடிந்து பட்டன் மேலே வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். ஜன்னல் கட்டையில் அன்றைக்கு உம்மாவுக்கு என்று பேசி அங்கேயே தங்கிப்போன கேசட் இருந்ததல்லவா, அதை எடுத்து ரெக்கார்டரில் போட்டான். ஒன்றரை நிமிஷம் பேசியிருந்ததை அழிக்கவில்லை. அது முடிகிற இடம்வரை ஓட்டி, பின்னால் நான் பேசியிருந்ததன் மேல் பதிகிற பட்டனை அழுத்தினான். பிறகு மெஷினில் ஒரு நம்பரைத் தட்டினான். திரையில் ஒரு எழுத்து வந்தது.

"உம்மா, இது மொத எழுத்து. மழை. மேல ஒரு கோடு இருக்கு, ஆகாயம் மாதிரி. கீழ ஜன்னல். ஜன்னல்ல சொட்டு சொட்டா தண்ணி."

அடுத்த நம்பர்.

"இது ஆறு. மூணு கோடுதான். இங்கே நம்ம கடைக்குப் பின்னாடி ஓடுற ஆறு மாதிரி அகலமா இல்ல, ஒல்லியா இருக்கும். இது வாய். சும்மா ஒரு கட்டம். இது வயல். அதே கட்டத்துக்குள்ள வரப்பு. ஒகாவா மாமா சுங்கை புரோங்குக்குக் கூட்டிட்டுப் போயி வயல் நடுவுல நிக்கவச்சு இதைச் சொல்லிக் குடுத்தாரு உம்மா. அன்னைக்கு நல்ல வெயில்..."

கார்டு ஒவ்வொன்றாக எழுத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். தமிழ் தடுக்கிய இடத்தில் நின்று, வார்த்தையைத் தேடி எடுத்துக்கொண்டு சொன்னான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள், தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு அதையும் முடித்தான். கேசட்டை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினான்.

"ஊருக்கு யாரு போறா வாப்பா? மாமிகிட்ட குடுத்தா அந்த டின்ல வச்சிருவாங்க."

"அடுத்த மாசம் கமால் பாய் போறாரு" என்றேன்.